தோளில் விழுந்த கை

எசன் நகரத்துத் தமிழர் கலைமாலையில் குத்துவிளக்கு ஏற்ற ஆள் கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. விளக்கு இருந்தது. ஐந்து முகத்திலும் திரி இருந்தது, எண்ணெய் தளும்பத் தளும்ப இருந்தது. மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பேரவைத் தலைவர் விஜயரத்தினமும் நின்றார். அவரோடு சேர்ந்து நிற்கவேண்டிய பேரவை உறுப்பினர்கள்தான் ஒருவரும் இல்லை.

அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். டோர்ட்முண்ட் உறுப்பினர் கார் நிறுத்தப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவர் ரயிலில் வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வூப்பெற்றால் உறுப்பினருக்குத் திடீரென்று மூக்கால் இரத்தம் வந்தது. கொலோன் உறுப்பினர் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மட்டும் உள்ளேயே எழுந்து நின்றதாக அவர் பின்னாளில் சத்தியம் செய்தார். கடைசியில் தலைவரே ஐந்து திரியையும் ஏற்றினார். திரிக்கு ஒரு தடவை கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

எசன் வடக்கு உறுப்பினர் குணேஸ்வரிக்கு இந்தக் கூத்து ஒன்றும் தெரியாது. அவள் மண்டபத்துச் சமையலறையில் வடை பொரித்துக்கொண்டு நின்றாள். வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள் என்பதால், எந்த விழாவென்றாலும் அடுப்படி அவளுக்குத்தான். தன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும், மாக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். ஏற்றுவதற்குத் திரி மிச்சம் இருக்கவில்லை. தலைவரின் வலது கை, மூன்று கல் மோதிரத்தோடு, அவளுடைய தோளில் வந்து விழுந்தது. கமரா மின்னியது. மண்டபத்தில் இருந்த சனம் ஐயோ பாவம் என்பதுபோல ஒரு சத்தம் போட்டது.

அவள் பேரவைக்கு வந்ததே ஒரு விபத்து. பேரவையில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஆறு ஆண்கள் கூடி முடிவெடுத்தார்கள். கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பெண் அவள்தான். அப்படியே தலைவரின் தீப அணியில் உறுப்பினராகி விட்டாள்.

பேரவைக்கு ஒரு யாப்பு உண்டு. தலைவரின் மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் அந்த நாட்டு யாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதி அனுப்பினார். அதனால் சில நூறு குடும்பங்கள் உள்ள பேரவைக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல், நடுவில் இரண்டாவது வருடத்தில் உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு நடுத்தவணைத் தேர்தல். நடுத்தவணையில் தலைவர் போட்டியிடுவதில்லை. சனத்துக்குத் தலைவர்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அதை அவருடைய அணி உறுப்பினர்களின் தலையில்தான் இறக்கிவைக்க முடியும். இதற்குப் பெயர் அதிகாரச் சமநிலை என்று யாப்பின் முன்னுரையில் போட்டிருக்கிறது.

ஆத்திரத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஜூலையில் தலைவர் கனடா போகிறவர் என்பதால், விளையாட்டுப் போட்டி நவம்பர் மழைக்குள் நடந்தது. சாக்கோட்டம் ஓடிய பிள்ளைகளில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு வருடா வருடம் ஒரே தலைப்பு: எங்கள் தலைவர். இதையெல்லாம் சனம் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது ஒரு செத்தவீட்டில்.

இந்த நாட்டில் சாவுக்கும் நேரம் குறித்துத் தெர்மின் எடுக்கவேண்டும். சுடலை மண்டபம் ஒரு குடும்பத்துக்கு அரை மணித்தியாலம். அதற்குள் தேவாரம், கிரியை, வாய்க்கரிசி, அழுகை எல்லாம் முடியவேண்டும். அடுத்த குடும்பம் பூவோடு வாசலில் நிற்கும். கற்பூரம் கொளுத்த அனுமதியோடு மண்டபம் எடுப்பதென்றால் பேரவை மூலம்தான் எடுக்கலாம். யாப்பின் பதினான்காம் பிரிவோ, பேரவை உறுப்பினர் வீட்டில் இழவு விழுந்தால் தலைவரே இரங்கலுரை ஆற்றவேண்டும் என்கிறது. உரைக்குக் கால வரையறை கிடையாது. ஹாகன் உறுப்பினர் இறந்தபோது தலைவர் அரை மணித்தியாலமும் தானே பேசினார். பேரவைக்குப் புதுக் கதிரை வாங்கிய வரலாற்றில் அவர் பாதி வந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது, பெட்டி உள்ளே போனது. மூத்த மகன் வாய்க்கரிசியைக் கையில் பிடித்தபடியே நின்றான். அந்த அரிசியை அவன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனான். அதை அங்கே நின்ற ஒருவரும் மறக்கவில்லை.

குணேஸ்வரியின் கணவர் நவரத்தினமும் அன்றைக்கு அங்கே நின்றார். அப்போதே அவருக்கு இருமல் இருந்தது. இப்போது அவர் ஹொஸ்பிஸில், யன்னலோரக் கட்டிலில் கிடந்தார். நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, நோகாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"இஞ்சரும்," என்றார் அவர் ஒரு பின்னேரம். "என்ரை செத்தவீட்டிலை உந்தாள் பேசக்கூடாது."

"இப்ப ஏனப்பா உந்தக் கதை?"

"இப்ப கதைக்காமல் பெட்டிக்குள்ளை இருந்தோ கதைக்கிறது? பிள்ளை பேசட்டும். யதுசா தமிழிலை பேசோணும். பிழை விட்டாலும் பரவாயில்லை. நீர் ஆறுதலா நிண்டு அரிசி போடும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம்" என்றாள் குணேஸ்வரி. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனுசன் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. உப்புக் குறைந்த கறியைக்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறவர். கேட்ட ஒரேயொரு விஷயம் இதுதான்.

அடுத்த நாளே அவள் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நான் பேரவையிலை இருந்து விலகுறன்."

"விலகலாம் தங்கச்சி, தாராளமா விலகலாம். ஆனால் பொதுச்சபை கூடி அதை ஏற்கோணும். அதுக்குக் கோரம் வேணும், குறிச்ச அளவு ஆக்கள் வந்து இருக்கோணும்."

பொதுச்சபை கூட்டப்பட்டது. பேரவையில் இருந்த எல்லாருமே தீப அணிதான், அவர்கள் வந்தார்கள். படிக்கட்டு வரைக்கும் வந்தார்கள். மேலே தலைவர் கமராக்காரரோடு நிற்கிறார் என்று கண்டதும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். தேர்தல் வருகிற நேரத்தில் அவரோடு ஒரே அறையில் இருக்கிற படம் வெளியே போனால் கதை முடிந்தது. இன்னும் இரண்டு தடவை கூட்டம் வைத்தார்கள். மூன்றாம் தடவையும் புதுக் கதிரைகள் வரிசையாகக் காலியாகக் கிடக்க, தலைவரும் அவளும் கமராக்காரரும் மட்டும் இருந்தார்கள்.

"கோரம் இல்லை," என்று தலைவர் ஒலிவாங்கியில் அறிவித்தார். பக்கத்திலிருந்த அவளுக்கு அது இரண்டு தரம் கேட்டது. "உங்கடை விலகலை ஏற்க ஏலாது தங்கச்சி. சனநாயகம் எண்டால் இப்பிடித்தான், கொஞ்சம் வலிக்கும்."

"அப்ப பதினாலாம் பிரிவை எங்கடை வீட்டுக்கு மட்டும் விட்டுவிடுங்கோ அண்ணை. அவர் விரும்பேல்லை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

தலைவர் நெஞ்சில் கையை வைத்தார். "துக்கத்திலை இருக்கிறவை வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அதை நம்பிக்கொண்டு நாங்கள் விட்டிட்டுப் போகலாமோ? நான் உங்களைக் கைவிடமாட்டன்."

"நான் தேர்தலிலை தோத்தால்?"

"தோத்தால் நீங்கள் சாதாரண ஆள்," என்றார் அவர், கொஞ்சம் பரிதாபமாக. "சாதாரண ஆக்களின்ரை செத்தவீட்டிலை நான் பேசிறேல்லை. அதுக்கு ஒரு தகுதி வேணும் தானே."

பேரவையின் யாப்பில் குணேஸ்வரிக்கு விளங்கிய முதல் வரி அதுதான். மார்ச் மாதம் தேர்தல். அதில் அவள் தோற்கவேண்டும், அதுவரைக்கும் நவரத்தினத்தின் மூச்சு தாங்கவேண்டும். அன்றிரவு அவள் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று தோல்வி கேட்டுக் கும்பிட்டாள்.

தோற்பது பெரிய வேலையாக அப்போது தெரியவில்லை. தீப அணியில் எல்லாருமே தோற்கிற நிலையில்தான் நின்றார்கள். அவர்கள் தப்புவதற்கு எடுத்த பாடுதான் பார்க்கவேண்டியது. கணினி வேலை செய்கிற சேஷாத்ரி என்றொரு தமிழ்நாட்டுக்காரர் பேரவையின் தகவல் பொறுப்பாளராக இருந்தார். கமராவும் அவரிடம்தான். உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் பழைய விழாப் படங்களை அவருக்கு அனுப்பி, தலைவரை வெட்டித் தரச்சொல்லிக் கேட்டார்கள். அவரும் வெட்டினார். ஆனால் தலைவருக்கு யாரோடு நின்றாலும் தோளில் கை போடுகிற பழக்கம். ஆளை வெட்டலாம், தோளில் இருக்கிற கையை வெட்டினால் உறுப்பினரின் தோளும் போய்விடும். ஆகவே துண்டுப் பிரசுரங்கள் வந்தபோது, சிரித்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு வேட்பாளரின் தோளிலும் மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு கை இருந்தது. மூன்று கல் மோதிரத்தோடு. டோர்ட்முண்ட் உறுப்பினர் மட்டும் செலவு செய்து அந்தக் கையின்மேல் ஒரு பொன்னாடை வரைவித்தார். பொன்னாடைக்குக் கீழே ஐந்து விரல் தெரிந்தது.

அணியின் வியூகக் கூட்டம் கணினியில் நடந்தது. எல்லாருமே தங்கள் கமராவை மூடி வைத்திருந்தார்கள். கறுப்புக் கட்டங்களுக்கு நடுவில் தலைவரின் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"மக்கள் என்னை வெறுக்கேல்லை," என்றார் தலைவர். "அவை என்னாலை களைச்சுப் போச்சினம். களைப்பு எண்டால் என்ன? நிறையப் பழகினதாலை வாறது. அது அன்பின்ரை ஒரு கட்டம். இந்தத் தேர்தலிலை நீங்கள் தோத்தால், அது உங்கடை தோல்வி. வெண்டால் அது எங்கள் எல்லாரின்ரை வெற்றி. தோல்வியிலை நான் பங்கு கேக்கமாட்டன். எனக்கு அந்தப் பேராசை இல்லை."

ஒரு கறுப்புக் கட்டம் மெல்ல அணைந்து போனது. பிறகு இன்னொன்று. தலைவர் முடிக்கும்போது குணேஸ்வரியின் கட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அவளுக்கு அதை அணைக்கத் தெரியாது, யதுசா வேலையால் வரவேண்டும்.

அவள் சேஷாத்ரிக்குத் தொலைபேசி எடுத்தாள். "தம்பி, என்ரை துண்டுப் பிரசுரத்திலை தலைவரை வெட்டவேண்டாம்."

"மேடம், எல்லாரும் வெட்டச் சொல்றாங்க. நீங்க ஷ்யூரா?"

"பெரிசாப் போடுங்கோ. என்னிலும் பாக்கப் பெரிசா."

"இது ரிஸ்க் மேடம். டேட்டா எல்லாம் பார்த்தேன். அவர் போட்டோ இருந்தா ஓட்டு அப்படியே சரியுது."

"அதுதான் எனக்கு வேணும்," என்று சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

பிரசுரம் வந்தது. தலைவரின் முகம் முக்கால்வாசி, ஓரத்தில் வடை மா ஒட்டிய அவளுடைய முகம் கால்வாசி. கீழே: தலைவரோடு என்றும். அதைக் கண்டதும் தலைவர் அழுதுவிட்டார். அதன்பிறகு அவர் எசனை விட்டு அசையவில்லை. வேறெந்த ஊரிலும் அவரைச் சேர்க்க ஆளில்லை. அவள் வீட்டுக்கு வீடு போனால் பின்னால் அவரும் வந்தார். அவள் சந்தோசத்தோடு அவரை முன்னால் விட்டாள்.

ஒருநாள் அவர் ஹொஸ்பிஸுக்கும் வந்தார். நாடா கட்டிய பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு சேஷாத்ரி பின்னால். அவளால் தடுக்க முடியவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவரை வாசலில் மறிக்கிற பழக்கம் அவளுடைய பரம்பரையில் இல்லை. தலைவர் கட்டிலில் குந்தி நவரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்களைப் பற்றி நான் சொல்லுறதுக்கு இரண்டு விசயம் தாருங்கோ. எங்கை படிச்சனீங்கள், என்ன தொண்டு செய்தனீங்கள். சுருக்கமா. மிச்சத்தை நான் நிரப்புவன்."

நவரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு நித்திரைபோலக் கிடந்தார். தலைவர் அதையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவர்கள் போன பிறகு நவரத்தினம் கண்ணைத் திறந்தார். தோற்கப்போகிற திட்டத்தை அவள் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"தோக்கிறீரோ?"

"தோப்பன்."

"கட்டாயம்?"

"கட்டாயமப்பா. உங்கடை தலையிலை அடிச்சுச் சொல்லுறன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அவளை எதிர்த்து, புதிதாகக் கிளம்பிய உதய அணியில் நின்றவன் கிருபன். எசனிலேயே பிறந்து வளர்ந்த பெடியன், காப்புறுதிக் கந்தோரில் வேலை. வென்றால் பதினான்காம் பிரிவைத் தூக்குவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். குணேஸ்வரிக்கு அவனைக் கண்டால் பிள்ளையாரைக் கண்டதுபோல. ஆனால் அவளைக் கண்டால் அவன் ஒதுங்கி ஒதுங்கிப் போனான்.

இப்படியே விட்டிருந்தால் போதும். ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. நவரத்தினம் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். எப்படியும் தோல்வியை உறுதி செய்துகொள்ளவேண்டும் என்று, தலைவர் இல்லாத நேரம் பார்த்து அவள் தனியாக வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். முதலில் மேல்மாடியில் இருக்கிற பேர்பெச்சுவாவிடம் போனாள். அவளோடு ஒரே சமையலறையில் வேலை செய்கிறவள், தேவாலயத்துச் சனம் எல்லாம் அவளுடைய பேச்சைக் கேட்கும்.

"பேர்பெச்சுவா, நீ எனக்கு வோட் போடாதை. ஒருத்தரையும் போட விடாதை."

பேர்பெச்சுவா அவளை உற்றுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அக்கா, இருங்கோ. முதல்லை சாப்பிடுங்கோ."

"எனக்குப் பசியில்லை. நான் சொல்லுறதைக் கேள்."

பேர்பெச்சுவா சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துப் புட்டைப் போட்டாள். குணேஸ்வரி போதும் என்று கோப்பைக்கு மேலே கையைப் பிடித்தாள். பிடித்த கையைப் பேர்பெச்சுவா மெல்ல ஒதுக்கிவிட்டு இன்னும் ஒரு அகப்பை போட்டாள். எசன் தமிழ்ச் சனத்தின் வழக்கம் அது. வேண்டாம் என்று சொல்கிறவருக்குத்தான் கூடப் போடவேண்டும். உடனே ஓம் என்று சொல்கிறவரைக் கொஞ்சம் ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள். குணேஸ்வரியே ஆயிரம் விருந்தில் அப்படிப் பரிமாறியிருக்கிறாள்.

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ அக்கா," என்றாள் பேர்பெச்சுவா. "உங்கடை மனம் எங்களுக்குத் தெரியும்."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். எனக்குப் போடாதேங்கோ என்றாள், என்ன தன்னடக்கம் என்றார்கள். கிருபன் நல்ல பெடியன், அவனுக்குப் போடுங்கோ என்றாள், எதிரியைப்பற்றி இப்படிச் சொல்ல எந்த வேட்பாளருக்கு மனம் வரும் என்று மூக்கில் விரல் வைத்தார்கள். தலைவர் இருக்கிற அணி தோற்கவேண்டும் என்று சத்தம் போட்டுச் சொன்னாள். எல்லாரும் அந்த மனுசனை விட்டு ஓடுகிற நேரத்தில் நீங்கள் மட்டும் பக்கத்தில் நிற்கிறீர்கள், அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் அவள் அழுதேவிட்டாள். அந்த வீட்டுக்காரர் தன் தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுவந்து வாக்குப் போடுவதாகக் கையடித்துக் கொடுத்தார்.

தேர்தல் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முடிவைச் சேஷாத்ரி வாசித்தார். டோர்ட்முண்டில் தீப அணி தோல்வி. வூப்பெற்றாலில் தோல்வி. கொலோனில் தோல்வி, கொலோன் உறுப்பினர் இதைக் கேட்கும்போது எங்கே இருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரிசையாக எல்லா ஊரிலும் தோல்வி. குணேஸ்வரி கதிரை நுனியில் இருந்து தன் தோல்விக்காகக் காத்திருந்தாள்.

"எசன் வடக்கு," என்றார் சேஷாத்ரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "கிருபன், ஒரு வாக்கு. மற்ற எல்லா வாக்கும் குணேஸ்வரி மேடம்."

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. கிருபனும் தட்டினான். அந்த ஒரு வாக்கு அவள் போட்டது. யதுசா பேரவையில் சேரவே இல்லை, அவளுக்கு வாக்கும் இல்லை.

அவள் கிருபனின் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தம்பி, உமக்கு நீர்கூட வோட் போடேல்லையோ?"

"என்னண்டு அக்கா போடுறது?" என்றான் அவன். "அங்கிள் அங்கை ஹொஸ்பிஸிலை. உங்களுக்கு எதிரா நிண்டதே எனக்கு வெக்கமாப் போச்சு. அம்மா ஒரு கிழமையா என்னோடை கதைக்கேல்லை. நீங்கள் வெல்லோணும் எண்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுத்தனாங்கள். இந்த நேரத்திலை உங்களுக்கு ஒரு ஆறுதல் வேணும் தானே."

அவள் அவனுடைய கையை விட்டாள். என்ன சொல்லியிருந்தாலும் அதையும் அவன் வேறுமாதிரித்தான் எடுத்திருப்பான். ஹொஸ்பிஸுக்குப் போனபோது நவரத்தினம் விழித்திருந்தார்.

"என்ன மாதிரி?"

"தோத்திட்டன்," என்றாள் குணேஸ்வரி.

அவருடைய முகம் தெளிந்தது. "நல்லது," என்றார். இரண்டாம் நாள் விடியற்காலை அவர் போய்விட்டார். அவரிடம் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்தப் பொய்க்காக அவள் இன்றுவரைக்கும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

மண்டபத்துக்கு அரை மணித்தியாலத் தெர்மின் கிடைத்தது. சனம் நிறைந்திருந்தது. வரிசையில் வந்து கையைப் பிடித்தவர்களில் இரண்டொருவர் வாழ்த்துகள் என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு அனுதாபம் சொன்னார்கள். தேவாரம் பாடி முடிந்தது. முன்வரிசையில் யதுசா உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப்பற்றித் தமிழில் பத்து வசனம். காரில் வரும்போது முழுக்கச் சொல்லிக் காட்டினாள், ஒரு பிழையும் இல்லை. குணேஸ்வரியின் கையில் வாய்க்கரிசி இருந்தது.

தலைவர் எழும்பினார்.

"நான் அதிகம் பேசப்போறதில்லை," என்றார். "அமரர் நவரத்தினம் அண்ணை கடைசியா என்னோடை கதைச்சபோது ஒண்டும் சொல்லேல்லை. அந்த மௌனத்தை நான் ஒரு ஆணையா எடுத்துக்கொண்டன். எல்லாத் தொகுதியும் என்னைக் கைவிட்ட நேரத்திலை எசன் வடக்கு கைவிடேல்லை. இதை அனுதாப வாக்கு எண்டு சிலர் சொல்லுகினம். ஓம், அனுதாபம்தான். ஆனால் ஆரிலை அனுதாபம்? தனிய விடப்பட்ட ஒரு தலைவனிலை. மற்ற உறுப்பினர்கள் என்னை வெட்டினவை, மக்கள் அவையை வெட்டினவை. இது வரலாறு. இண்டைக்கு இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு சொல்லுறன், அடுத்த தலைவர் தேர்தலிலையும் நான் நிப்பன்."

பின்வரிசையில் இருமல்கள் கேட்டன. கிருபன் எழும்பி, மணிக்கூட்டைக் காட்டி, திரும்பவும் இருந்தான். தலைவர் தலையாட்டிவிட்டுக் கதிரை வாங்கிய வரலாற்றுக்குப் போனார்.

குணேஸ்வரி எழும்பினாள். யதுசாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டியை நோக்கி நடந்தாள். பேச்சு நடந்தால் நடக்கட்டும், அரிசியைப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். பெட்டிக்கு இன்னும் இரண்டு அடி இருந்தது. துக்கத்தில் தன்னிடம் ஆறுதல் தேடி வருகிறாள் என்று நினைத்த தலைவர், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினார். கை அவளுடைய தோளில் விழுந்தது. விழுந்து இறுக்கிப் பிடித்தது. கமரா மின்னியது.

"விடுங்கோ அண்ணை," என்றாள். "நான் அரிசி போடோணும். விடுங்கோ."

"அழுங்கோ தங்கச்சி," என்றார் தலைவர் ஒலிவாங்கியில். "பேரவை உங்களைப் பிடிச்சிருக்கு."

பக்கக் கதவு திறந்தது. கறுப்புடை போட்ட இரண்டு பேர் வந்து மரியாதையாகத் தலை குனிந்து, பெட்டியின் மூடியைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியே அடுத்த குடும்பம் நின்றது. யதுசா "அப்பா" என்றாள். பத்து வசனத்தில் முதலாவது சொல் அது. பெட்டி உருண்டு உள்ளே போனது.

அடுத்த மாதம் பேரவையின் சஞ்சிகை தபாலில் வந்தது. அட்டையில் முழுப்பக்கப் படம். தலைவர் ஒலிவாங்கியோடு நிற்கிறார், அவருடைய கை குணேஸ்வரியின் தோளில். அவளுடைய வாய் திறந்திருக்கிறது, வலது கை பொத்தியிருக்கிறது. கீழே: வெற்றி உறுப்பினர் தலைவருக்கு நன்றி தெரிவிக்கிறார். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சேஷாத்ரிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, இதிலை பெட்டி இருந்தது. பிள்ளையும் என்ரை பக்கத்திலை நிண்டவள். எங்கை?"

"க்ராப் பண்ணிட்டேன் மேடம்," என்றார் அவர் தயங்கியபடி. "அட்டைப்படத்துக்குக் கொஞ்சம் சோகமா இருக்குன்னு தலைவர் ஃபீல் பண்ணார்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினி மேசையின் லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். முதலில் தலைவரின் முகத்தை வெட்டினாள். பிறகு உடம்பை வெட்டினாள். கை மட்டும் மோதிரத்தோடு தோளிலேயே கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி எப்படி வெட்டிப் பார்த்தும் போகவில்லை. பிறகு தோளையும் சேர்த்து வெட்டினாள், தோளோடு முகமும் போனது. கடைசியில் மிஞ்சியது பொத்திய கை ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் நவரத்தினத்தின் படத்துக்கு முன்னால், அன்றைக்கு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த அரிசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.